ரைன் நதி பார்க்கப் போன சனம்

கோச் பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற தொழிலில் பாதை இரண்டு தரத்தில் பழகிவிடும், சனம் எத்தனை தரம் போனாலும் பழகாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு சின்ன ட்ரவல்ஸ் கடையில் வேலை செய்தேன். முன்பக்கம் விமான டிக்கெட், பின்பக்கம் வாடகைக்கு வீடியோ கசெட். கோடை வந்தால் கொலோன் நகரத்துக்கும் ரைன் நதிப் படகுச் சவாரிக்கும் கோச் விடுவோம். வெள்ளி மாலை ஏறினால் சனி காலை ஜேர்மனி. வழிகாட்டி நான்தான். நீங்களும் அந்தக் கோச்சில் கால் நீட்ட இடமில்லாமல் வந்திருப்பீர்கள். வராவிட்டால் உங்கள் மாமி வந்திருப்பா, முன் சீற்தான் வேண்டுமென்று என்னோடு சண்டையும் பிடித்திருப்பா.

எத்தனையோ பயணம் போனேன். மனதை விட்டுப் போகாதது றீற்றா அக்கா வந்த பயணம். மன்னார் ஆள், லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் இருந்தா, ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. அவவின் தம்பி யூட் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தான். ஊரில் அரைக் காற்சட்டையோடு கண்ட பிள்ளையை அக்கா அதன் பிறகு காணவில்லை. அவனுடைய அகதிக் கேஸை நிராகரித்துவிட்டார்கள், எப்போது பிடித்து அனுப்புவார்களோ தெரியாது. முகாம் இருக்கும் மாவட்டத்தை விட்டு வெளியே வர அவனுக்கு அந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பெரிய கதீட்ரலுக்கு முன்னால் சந்திப்பதாக ஏற்பாடு. கோச்சில் ஏறும்போதே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "தம்பி, எனக்கு ஊர் ஒண்டும் காட்ட வேண்டாம். அவனை மட்டும் காட்டிவிடும்."

டூரிஸ்ட்

உள்ளதைச் சொன்னால், எங்கள் கோச்சில் ஆறு பார்க்க வந்தவர் எவருமில்லை. ஒருவருக்கு மச்சான், ஒருவருக்கு பெறாமகள் என்று எல்லோருக்கும் ஆளிருந்தது. ஆனால் கையில் இருந்தது டூரிஸ்ட் விசா. அதனால் எல்லை வருவதற்கு முன்னமே எல்லாருக்கும் பாடம் எடுப்பேன். "என்ன பாக்கப் போறியள் எண்டு கேட்டால் கதீட்ரல், ரிவர் எண்டு சொல்லுங்கோ. சொந்தக்காரர் கதையை எடுக்காதையுங்கோ, விஷயம் நீளும்."

வட லண்டன் எட்மண்டனில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த தங்கராசா அண்ணை பாடத்தைக் கவனமாகக் கேட்டார். ஜேர்மன் பொலிஸ்காரன் ஏறி அவரிடமே வந்தான். "ரிவர் பாக்க வந்தனான், எங்கட யாழ்ப்பாணத்தில ஆறே இல்லை" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். ஏன், லண்டனில் ஆறு இல்லையா என்று அவன் சிரித்துக்கொண்டு கேட்டான். அண்ணை அசையவில்லை. "இருக்காம் சேர். எனக்குத்தான் அந்தப் பக்கம் ஒரு நாளும் ஷிப்ட் விழேல்லை."

நெற்றியில் போட்ட தண்ணி

கதீட்ரலைப் பார்த்துக் கழுத்து வலித்ததும் எங்கள் ஆட்கள் கடைகளுக்குள் புகுந்துவிட்டார்கள். ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணிப் போத்தல்கள். அந்தச் சொல்லுக்கே கொலோன் ஊர்த் தண்ணி என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த வரலாற்றை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான், கடை அமளிதுமளிப்பட்டது. ஊரில் காய்ச்சல் வராத வீடுண்டா, அதில் துணியை நனைத்து நெற்றியில் போடாத தாயுண்டா! ஒருத்தி மூடியைத் திறந்து மணந்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

தங்கராசா அண்ணைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு வாசலுக்கு வந்து தூரத்தில் மண்ணிறமாக ஓடிய ரைனைப் பார்த்தார். "உந்தத் தண்ணியையோ தம்பி எங்கட அம்மா நெத்தியில போட்டவ?"

கோயிலடி

றீற்றா அக்கா கடைக்கு வரவில்லை. கதீட்ரல் வாசலில், யூட்டுக்கென்று கட்டிவந்த சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பன்னிரண்டு போய் ஒரு மணியும் ஆனது. மற்றவர்களின் மச்சானும் பெறாமகளும் வந்து, கட்டிப்பிடித்து, பலகாரம் கைமாறிவிட்டது. யூட்டைக் காணவில்லை. ஒவ்வொரு கறுத்த தலையையும் அக்கா எழும்பிப் பார்த்துவிட்டு இருப்பா. அனுமதியை ரத்துச் செய்துவிட்டார்களோ, ஆளையே பிடித்து ஏற்றிவிட்டார்களோ என்று நான் மனதுக்குள் பயந்தேன்.

மூலையில் இருந்த போன் பெட்டிக்குள் போய் முகாமுக்கு அடித்தேன். அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன் எடுத்தான். யூட் விடியவே கோயிலுக்குப் போய்விட்டானாம். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டேன்.

பிறகுதான் விளங்கியது. அக்கா வேதக்காரி, கிறிஸ்தவ மனுசி, அவவுக்குக் கதீட்ரல் என்றால் கோயில். "கோயிலடியில நிக்கிறன்" என்று முகாமுக்குப் போனில் செய்தி சொல்லியிருக்கிறா. செய்தியை எடுத்தவன் சைவக்காரன். நகரத்தின் மற்றப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில் எங்கள் ஆட்கள் கோயில் நடத்துவது அவனுக்குத் தெரியும், யூட்டை அங்கேதான் அனுப்பிவிட்டான். அவன் என்னை ஒரு மாதிரியாகத்தான் கேட்டான்: "எந்தக் கோயிலோ? ஊருக்கு இருக்கிறது ஒரு பிள்ளையார் கோயில்தானே அண்ணை!"

இரண்டு மணிப் படகு

படகு இரண்டு மணிக்கு. கோயிலுக்குப் போய்வந்தால் படகு இல்லை. றீற்றா அக்காவை மட்டும் டாக்ஸியில் அனுப்பலாமென்றால், பாஷை தெரியாத மனுசி, கோயிலோ எந்தச் சந்திலோ. ட்ரைவர் கெவினிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா இருக்கிற அதே பார்க்கிங்கில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரன், உடனே வரைபடத்தை விரித்தான். இனிச் சனத்திடம் கேட்க வேண்டும். படகுக்காக வரிசையில் நின்றவர்கள் முன் நின்று, கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

முதல் ஆளாக வரிசையில் நின்ற தங்கராசா அண்ணை ரைனை ஒருக்காத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஆறு இண்டைக்கு மட்டுமே ஓடுது? கோச்சைத் திருப்பச் சொல்லும் தம்பி."

மூன்று சுற்று

அந்தச் சந்துக்குள் கோச் போகாது. இறங்கி நடந்தோம். றீற்றா அக்கா நடக்கவில்லை, ஓடினா. கோயில் படிக்கட்டில் ஒரு நெடுவல் பொடியன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு இருந்தான். அக்கா நின்று பார்த்தா. அரைக் காற்சட்டையைத் தேடினாவோ என்னவோ. அவன்தான் "அக்கா" என்று எழும்பினான். பார்சல் கீழே விழுந்தது. எங்கள் கோச்சில் பாதி அழுதது, மற்றப் பாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றது.

யூட்டின் நெற்றி நிறையத் திருநீறு. அக்கா அதையே பார்ப்பதைக் கண்டு பொடியன் வெட்கப்பட்டான். "ஐயர் பூசிவிட்டவர் அக்கா. உன்னைக் காணேல்லை எண்டு பிள்ளையாரையும் மூண்டு தரம் சுத்திப்போட்டன்" என்று துடைக்கக் கையைத் தூக்கினான். ஒரு ஞாயிறும் சேர்ச்சில் பூசை தவறவிடாத மனுசி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டா. "அழிக்காதையடா, இருக்கட்டும். நான் வருமட்டும் உன்னை வச்சுப் பாத்தது அவரெல்லோ."

காணும்

அவர்களுக்குக் கிடைத்தது அந்தப் பின்னேரம் மட்டுந்தான். ஐந்து மணிக்குக் கோச் எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த கோடைக்கு அதே பயணத்துக்கு றீற்றா அக்காவுக்கு முன் சீற் ஒதுக்கி வைத்திருந்தேன். அவ கடைக்கு வந்தா, டிக்கெட் வேண்டாமென்றா. யூட்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு நாங்கள் படகில் ஏறியிருந்தால் நீங்கள் அவனைக் கண்டே இருக்கமாட்டீர்களே என்று வாய்விட்டே சொன்னேன். அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னா. "ஒருக்காக் கண்டனான்தானே தம்பி. அது காணும், வேற என்ன வேணும்."

வழிகாட்டி என்று எனக்குத்தான் பெயர், எங்கள் சனத்துக்குப் போக வேண்டிய வழி முன்னமே தெரியும், கோயில்தான் சிலவேளை மாறிப்போகும்.