போக்கரா, புரோக்கரா?

துபாய் தேராவில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் டைப்பிங் சென்டரில்தான் அது நடந்தது. விசா புதுப்பிக்கிற படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த எகிப்தியர் தலை நிமிராமலே, "பிரதர், ப்ரொஃபெஷன்?" என்று கேட்டார். நான் ஏலக்காய், மிளகு ஏற்றி அனுப்பும் கடையொன்றில் கப்பல் பத்திரங்கள் தயாரிக்கிறவன். ஐந்து வருடமாக 'ஷிப்பிங் கிளார்க்' என்றுதான் சொல்லி வருகிறேன். அன்று காலை வாய் தன்பாட்டில் "போக்கர் பிளேயர்" என்றது. பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகுதான் உறைத்தது. அட, இதைத்தானே நான் ஆகப் பார்க்கிறேன்!

அரபியில் அந்த அழுத்தமான 'ப' கிடையாது. எங்கள் எழுத்திலும் இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'தான், ஆகவே நான் சிரிக்க முடியாது. "புரோக்கர்? ரியல் எஸ்டேட்?" என்று அவர் ஆர்வமாகக் கேட்டார். "நோ நோ, ஷிப்பிங் கிளார்க்" என்றேன். "கலாஸ்", முடிந்தது என்று தட்டி, புது ஒப்பந்தத்தை அச்சடித்துத் தந்தார். வியாழனுக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம் வேலை. போடாவிட்டால் விசா கேன்சல், சில வாரங்களில் நாட்டை விட்டுக் கிளம்பவேண்டியதுதான். வளைகுடாவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இங்கே வேலை போனால் கம்பெனி தந்த கட்டிலும் போகும்.

ஊரில் நாங்கள் விளையாடிய சீட்டாட்டம் முந்நூற்றிநாலு. துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு எதிரே இருக்கும் சோடியின் முகத்தைப் பார்க்கலாம். பிழைவிட்டால் அவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான், ஆனால் தோல்வியில் பாதி அவனுடையது. போக்கரில் சோடி இல்லை. கையில் இரண்டு சீட்டு மறைவாக இருக்கும், மேசையில் ஐந்து வெளிச்சமாக விழும். மற்றதெல்லாம் அடுத்தவன் என்ன வைத்திருக்கிறான் என்கிற கணிப்பு. சரியாகக் கணித்தும் தோற்கலாம், மாதக்கணக்கில் தோற்கலாம். எனக்கு இதில் இருக்கிற பைத்தியமும் பயமும் அதுதான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, ரூமில் மற்ற மூன்று பேரும் குறட்டை விட, பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கிறேன். பிறகு எட்டு மணிக்கு டியூட்டி.

இங்கே பணம் வைத்து ஆடி மாட்டினால் விசா, வேலை எல்லாம் போய்விடும். ஆகவே நான் ஆடுவது சனிக்கிழமைகளில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில், வெறும் புள்ளிகளுக்கு நடக்கும் லீக்கில். இந்த முறை நான் முதலாவது. பரிசு, கொழும்பில் பணத்துக்கு நடக்கும் பெரிய போக்கர் போட்டியில் ஓர் இருக்கை. கூட ஆடிய லெபனான்காரர் நாடு நாடாகப் போய் ஆடிப் பிழைக்கிறவர். கைகொடுத்து, ஆங்கிலத்தில் சொன்னார்: "நீ நல்லா ஆடுறாய் ஹபீபி. மாதம் முடிய சம்பளம் வருமென்று தெரியுமே, அதனால். அது இல்லாமல் ஒரு நாள் ஆடிப் பார்." பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன். மெட்ரோவில் வரும்போதுதான் அது எச்சரிக்கை என்று விளங்கியது.

புதன்கிழமை காலை முதலாளி கூப்பிட்டார். கீழக்கரைக்காரர், எல்லாருக்கும் அவர் ஹாஜியார். டைப்பிங் சென்டருக்கு என்னோடு வந்த அவருடைய மருமகன் தான் கேட்டதைக் கேட்டபடியே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான்.

"என்ன தம்பி, புரோக்கர் தொழிலுக்குப் போறியாமே?"

"ஆர் சொன்னது ஹாஜியார்?"

"யாரோ சொன்னாங்க. எவன் எங்க சரக்கு எடுக்குறான், எவன் எத்தனை நாள் இழுத்தடிப்பான், எல்லாம் உனக்கு மனப்பாடம். என் கஸ்டமரைப் பூரா அள்ளிக்கிட்டுப் போயி எதுத்தாப்புல உக்காரப் போற. இல்லன்னு சொல்லு பாப்போம்!"

மறுக்காவிட்டால் நான் துரோகி. உண்மையைச் சொன்னால், வங்கி வட்டியைக்கூடத் தொடாத மனிதருக்கு முன்னால் சூதாடி. லீக் மண்டபத்தில் எவருக்கும் எதையும் காட்டாத முகம் அந்த ஏசி அறையில் வியர்த்து ஊற்றியது.

"புரோக்கர் இல்லை ஹாஜியார். போக்கர்."

"அதத்தான் நானும் சொல்றேன், புரோக்கர்."

"இல்லை... சீட்டு."

"மாசச் சீட்டா? ஏலச் சீட்டா?"

"விளையாடுற சீட்டு."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அஸ்தஃபிருல்லாஹ்! அதுக்கு நீ புரோக்கராவே போயிருக்கலாமேடா!"

ஆனால் அந்த ஒரு கணம் அவர் தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்துவிட்டேன். கஸ்டமர்கள் பத்திரம் என்கிற நிம்மதி. இதுதான் நேரம் என்று பத்து நாள் லீவு கேட்டேன். கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போயிட்டு வா. பேப்பரையும் எடுத்துட்டுப் போ, வியாழன் கெடுவ நான் தள்ளி வாங்கிக்கிறேன். கையெழுத்தோட வந்தா வேலை. அப்புறம் சீட்டுங்கிற பேச்சே மாஃபி, கிடையவே கிடையாது. இல்லன்னா கேன்சலுக்குக் கொடுத்துடுறேன். சூதாடிக்கு என் கடையில நாற்காலி கிடையாது."

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்துக்குக் கோல் எடுத்தேன். "அம்மா, நான் போக்கருக்குப் போகப்போறன்."

"புரோக்கரோ? ஆருக்கடா கலியாணம் பேசப் போறாய்? முதல்ல உனக்கு ஒண்டைப் பார்!" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. நானும் சிரித்தேன். ஹாஜியாருக்குத் திருத்திச் சொல்ல முடிந்த ஒரு சொல்லை அம்மாவுக்குத் திருத்த வாய் வரவில்லை. ஏனென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழன் இரவு விமானம், சனி காலை ஆட்டம். கொழும்பில் போட்டி நடக்கும் கசினோவுக்குள் வெளிநாட்டவர் சும்மா போகலாமாம். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் வாசலில் வரி கட்டவேண்டுமாம். வெளிநாட்டவனாகவே இத்தனை வருடம் வாழ்ந்தவனுக்கு, அது பிரயோசனப்படக்கூடிய ஒரே வாசலில் சொந்த நாட்டுக்காரன் என்கிறார்கள். பரவாயில்லை, கட்டுவேன். முதல் நாள் ஆட்டத்தில் வெளியேறாமல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. தாண்டினால் ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை. போட்டி முடிந்த கையோடு யாழ்ப்பாண ரயிலேறி அம்மாவின் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்வேன். தாண்டாவிட்டால் கொழும்பிலேயே கையெழுத்துப் போட்டு, ஊருக்கு வந்த சுவடே தெரியாமல் தேராவுக்குத் திரும்புவேன்.

அதற்கு முதல், நான் துபாயில்தான் இருக்கிறேன் என்று நினைத்து வெள்ளிக்கிழமை அம்மா கோல் எடுப்பா. துபாயில் வாட்ஸப் கோல் வேலை செய்யாது என்று அவவுக்கும் தெரியும், அதனால் வழமையான ஆப்பில்தான் பேசவேண்டும். "அங்கை சரியான வெக்கையோ?" என்று கேட்பா. வெளியே கொழும்பு மழை கொட்டிக்கொண்டிருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரல் நடுங்காமல், "ஓமம்மா, தாங்கேலாத வெக்கை" என்று சொல்லிப் பார்க்கவேண்டும்.