கெபியாகிப் போன மீன் அடுப்பு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அடுப்படியிலிருந்து லீவு. ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல்லை வைத்து என் கணவர் கொல்லையில் ஒரு பார்பிக்யூ கட்ட வைத்தார். மேலே வளைவு, உள்ளே கரி போட ஒரு மேடை, அதன்மேல் கம்பி வலை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் நின்று சங்கரா மீன் சுடுவார். கேஸ் அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர். வாரம் முழுக்க ஸ்கூலில் கத்திவிட்டு வந்து வீட்டிலும் வேகிற எனக்கு, உட்கார்ந்து சாப்பிடக் கிடைத்த ஒரே நாள் அது.

அதற்கும் அவரே வேட்டு வைத்தார். தண்ணி லாரி ரிவர்ஸில் வரும்போது இவர்தான் நின்றுகொண்டு, "ரைட்டு, ரைட்டு, வா வா" என்று கூப்பிட்டு நேராகப் பார்பிக்யூமேல் ஏற்றிவிட்டார். வளைவு சரிந்தது, பக்கச் சுவர் பிளந்துவிட்டது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் அடுப்பில் நின்றேன். கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன.

உடனே கீழ்க்கட்டளையில் இருந்த ஒரு புதுக் கொத்தனாருக்குப் போன் போட்டார். பார்பிக்யூ என்றால் அவருக்குப் புரியாது என்று இவருக்கு ஒரு நினைப்பு. "பின்னாடி ஆர்ச் வெச்சது ஒண்ணு இடிஞ்சு கிடக்கு, நல்லா கட்டிடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நான் நேரா அங்கதான் வந்து நிப்பேன்" என்றார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு நாங்கள் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போய்விட்டோம்.

திரும்பி வந்து பார்த்தால் கொல்லையில் ஒரு மாதா கெபி நிற்கிறது. கோயில் வாசலில் மாதா சொரூபம் வைக்கக் கட்டுவார்களே, அதே மாதிரி. உள்ளே வழவழவென்று சிமெண்ட் பூசி, வானநீலம் அடித்து, உச்சியில் ஒரு சிலுவை. காற்று போகிற ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்று. கொத்தனார் பக்கத்தில் பெருமையாக நின்றார்.

"உள்ள ஒரே மெழுகுவத்திப் பொகைம்மா. சுரண்டறதுக்குள்ள பேஜாராப் பூட்ச்சு. இனிமே மாதாவைக் கொணாந்து வெச்சுட வேண்டியதுதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் கொத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார், சிலுவ வெச்ச எடத்துல மீன் சுடறதா? நான் கை வெக்க மாட்டேன்."

"சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று இவரும் பின்வாங்கினார். எனக்கு வந்ததே கோபம்.

"அண்ணா, இன்னும் சொரூபம் வைக்கல, கோயில்லேருந்து சாமியார் வந்து மந்திரிக்கல. இது வெறும் செங்கல்தான். மாதாவும் வீட்ல தினம் அடுப்பு ஊதினவங்கதான். எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு கெடைச்சா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

கொத்தனார் என்னைப் பார்த்தார், கெபியைப் பார்த்தார். சிலுவையைப் பூப்போலப் பெயர்த்து, கழுவி, கேட் தூணின்மேல் வைத்துப் பூசினார். அதற்குப் பிறகுதான் உளியை எடுத்தார். உள்பூச்சைக் கொத்தி எறிந்தார். தீ படுகிற இடத்துச் செங்கல்லைப் பிரித்து, சூடு தாங்குவதற்காகக் களிமண் கலவையில் மறுபடி கட்டினார். அடைத்த ஓட்டைகளைத் திறந்தார். வெளிப்பக்கத்து நீலம் மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

கலவை காய்ந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, புகை சரியாகப் போகிறதா என்று பார்க்கக் கொத்தனாரும் வந்தார். இவர் பழையபடி சட்டையில்லாமல் நின்றார். நான் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். மீன் வாசனையிலேயே மனசு நிறைந்துவிட்டது. இவர் முதல் தட்டைக் கொத்தனாரிடம் நீட்டினார். அவர் வாங்கினார், சாப்பிடவில்லை.

"சார், தப்பா நெனைக்காத. இத்த ஒரு கவர்ல போட்டுக் குடு. கூட ரெண்டு இருந்தாலும் குடு. வூட்ல பொஞ்சாதி இந்நேரம் கொழம்புக்கு அரைக்க உக்காந்திருக்கும். போன் பண்ணி, இன்னிக்கு அடுப்பு பத்த வெக்காதன்னு சொல்லிடறேன்."