லைன் இல்லாத ஒப்பரேற்றர்

"வணக்கம், கந்தோர்" என்று ரிசீவரைத் தூக்கிச் சொன்னார் அடைக்கலநாதன். சற்றுக் காதுகொடுத்தார். "ஒண்டும் இல்லை" என்று திரும்ப வைத்தார். காலையில் அலுவலகக் கதிரையில் அமர்ந்ததும் இதுதான் முதல் வேலை. யாழ்ப்பாணத்தில் டெலிபோன் செத்து இரண்டு ஆண்டாகிவிட்டதால் இரண்டாவது வேலை கிடையாது.

கொழும்புத்துறைக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லை. வலது குறைந்தோருக்கும் உத்தியோகம் கொடுக்கவேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தபோது டெலிபோன் ஒப்பரேற்றராக எடுக்கப்பட்டவர். அவர் குரல் மூன்று அறை தாண்டிக் கேட்கும். நேர்முகத்தில் அதற்கே வேலை கொடுத்தார்கள். டெலிபோன் பலகையின் பொத்தான்கள் விரலுக்குப் பழகிவரும் நேரத்தில் சண்டை மூண்டு லைன் போய்விட்டது.

ஆனாலும் கொழும்பு அவரை மறக்கவில்லை. 'உங்கள் அலுவலகத்தில் வலது குறைந்தோர் எத்தனைபேர் பணிபுரிகிறார்கள்?' என்று தபால் கொண்டுவரும் கப்பலில் கேள்வி வரும். பெரிய கிளாக்கர் சிவசுப்பிரமணியம் 'ஒருவர்' என்று பெருமையோடு பதில் எழுதுவார். அந்த ஒருவர் என்ன செய்கிறார் என்று கொழும்பு கேட்டதில்லை.

குண்டுபோடும் பொம்பர் வந்தால் கந்தோரில் சத்தம் கேட்டு முதலில் சொல்பவர் அடைக்கலநாதன்தான். ஒருநாள் தூரத்தில் வந்த உழவு இயந்திரத்தைப் பொம்பர் என்று சொல்லி எல்லோரையும் பங்கர் குழிக்குள் இறக்கிவிட்டார். ஒருவரும் குறைசொல்லவில்லை. பங்கருக்குள் நல்ல நித்திரை.

ஒரு திங்கட்கிழமை பெரிய கிளாக்கர் பின்னல் அறுந்த ஓட்டைக் கதிரை ஒன்றையும் பிரம்புக் கட்டொன்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அடைக்கலம், நீர் சும்மாதானே இருக்கிறீர். உங்கடை ஆக்களுக்குப் பிரம்பு கைவந்த வேலையெல்லே. உதைப் பின்னிவிடும்."

அடைக்கலநாதன் ஓட்டையைத் தடவிப் பார்த்தார். முகம் இறுகியது.

"பின்னத் தெரியும், ஐயா. கண் தெரியாதவையின்ரை பள்ளிக்கூடத்திலை எங்களுக்கு வேறை என்னத்தைப் பழக்கினவை? அதிலையிருந்து தப்பத்தான் உத்தியோகத்துக்கு வந்தனான்."

"இப்ப லைன் இல்லையே."

"ஓம். சாரதி சிமியோனுக்குப் பெற்றோல் இல்லை. டைப் அடிக்கிற நாகேஸ்வரி அக்காவுக்கு ரிபன் இல்லை. அவையைப் பின்னச் சொன்னனீங்களோ?"

"அவை உத்தியோகத்தரெல்லே…" என்று தொடங்கிய பெரிய கிளாக்கர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப நான் ஆர், ஐயா?"

அது சத்தமாகக் கேட்கப்பட்ட கேள்வியல்ல. ஆனால் அந்தக் குரலுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டா? அடுத்த அறையில் சிமியோன் இருமினான். கதிரையும் பிரம்பும் வந்த வழியே திரும்பிப் போயின.

சிவசுப்பிரமணியம் கெட்டவர் இல்லை. அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், வேலையில்லாத எல்லோரும் விறாந்தையில் கதிரை பின்னவேண்டும் என்று உத்தரவு போட்டார். சிமியோன் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். நாகேஸ்வரி கத்தரிக்கோலோடு வந்தாள். அவர்கள் இருவரும் பாயில் அமர்ந்த சத்தம் கேட்டபிறகுதான் அடைக்கலநாதன் மேசையை விட்டு எழுந்தார்.

மேற்பார்வைக்கு நின்ற பெரிய கிளாக்கரின் சப்பாத்துச் சத்தம் அங்குமிங்கும் நடந்தது.

"ஐயா, கப்பல் வந்து கனநாளோ?" என்றார் அடைக்கலநாதன்.

"கனநாள்தான். ஏன்?"

"இல்லை, அப்ப உங்களுக்கும் தபால் இல்லை."

சிமியோன் குனிந்து சிரிப்பை விழுங்கினான். சப்பாத்துச் சத்தம் நின்றது. பிறகு சப்பாத்து இரண்டும் ஒவ்வொன்றாகக் கழன்றன, பாய் சரசரத்தது.

அடைக்கலநாதன் கையை நீட்டித் துழாவி, பெரிய கிளாக்கரின் கையைப் பிடித்து, ஊறிய பிரம்பின் நுனியை அதற்குள் வைத்து மூடினார்.