ஆள் சைஸில் ஒரு முகம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கண் சொருகிக்கொண்டு வரும் நேரம். காலிங் பெல் அடிக்கவில்லை – கதவே அதிர்ந்தது. எங்கள் திருவொற்றியூர் தெருவில் அப்படித் தட்டுகிறவள் ஒருத்திதான். எதிர்வீட்டு மலர்.

"யக்கா, சீக்கிரம் வா! அந்தக் கம்ப்யூட்டரு பேஜார் பண்ணுது. அவரு கப்பலு சாயங்காலமே கெளம்புதாம்!"

தூக்கம் போயே போச்சு.

மலரை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். கடலோரக் குடும்பத்துப் பெண். காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து, போனில் ஆர்டர் வாங்கி, வீடு வீடாக அனுப்புகிறாள். வாய் கொஞ்சம் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, அப்பாவின் விசைப்படகில் வளர்ந்தவர். இப்போது சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. கிளம்பிப் போய் மாதக் கணக்காகிறது.

அந்தக் கப்பல்தான் நிலக்கரி ஏற்றிக்கொண்டு எங்கள் கடலுக்கே வந்திருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. துறைமுகத்தில் இடம் காலியில்லை. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. மொட்டை மாடியில் ஏறினால் தெரியும்... தூரத்தில் நாலைந்து கப்பல்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். மலருக்கு மட்டும் சந்தேகமே கிடையாது. துணி காயப்போட வந்தவள், ஈரத்துணியைப் பக்கெட்டிலேயே விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இடம் கிடைக்கும், கப்பல் உள்ளே வரும், மனுஷன் இறங்கி ஒரு வேளையாவது வீட்டில் சாப்பிடுவார் என்பது அவள் கணக்கு. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை தகவல் வந்தது. சரக்கை வேறு துறைமுகத்தில் இறக்கச் சொல்லிவிட்டார்களாம். சாயங்காலம் நங்கூரத்தைத் தூக்குகிறார்கள். கரையைத் தொடாமலே போகிறது கப்பல்.

கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுவிட்டு, அப்படியே திரும்பிப் போவது... வராமலே இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாளோ என்னவோ.

அவள் தம்பியிடம் ஃபைபர் போட் இருக்கிறது. "வாக்கா, கப்பலாண்ட இட்டுகினு போய்க் காட்டிட்டு வரேன்" என்றானாம். மலர்தான் வேண்டாம் என்றுவிட்டாள். "கிட்ட போனா கடல் போலீஸ்ல புடிச்சிக்குவாங்கக்கா. அவரு வேலைக்கு ஆப்பு வெச்ச மாதிரி ஆய்டும்."

ஆக, மிச்சமிருந்தது ஒரு வீடியோ கால். நடுக்கடலில் இருக்கும்போது அதற்கும் வழியில்லை, எப்போதாவது ஒரு குரல் செய்தி வரும், அவ்வளவுதான். இப்போது கரைக்குப் பக்கத்தில் நிற்பதால் அவர் போனில் சிக்னல் இருந்தது. கப்பல் நகர்ந்தால் அதுவும் போய்விடும்.

"அதுக்கு ஏன் கம்ப்யூட்டர்? போன்லயே பேசிடேன் மலர்."

"கப்பலு வந்த நாள்லேந்து தெனிக்கும் போன்லதான்க்கா பாக்கறேன். தம்மாத்தூண்டு மூஞ்சி. ஒரு தபாவாச்சும் ஆளு சைஸ்ல பாக்க வாணாம்? அவரு வாங்கிக் குட்த்த அம்மாம் பெரிய ஸ்கிரீனு எதுக்கு கீது?"

நியாயமான கேள்விதானே? நான் எழுந்து போனேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் படித்தது பி.காம். வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். மேஜையில் லேப்டாப்பும் நாலைந்து ஒயரும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு சம்பளமில்லாத கம்ப்யூட்டர் இன்ஜினியர் பதவியைத் தெருவே கொடுத்துவிட்டது. நானும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

மலர் வீட்டில் நடுக்கூடத்தில் அந்த மானிட்டர். ஏழுமலை கிளம்புமுன், இவள் மீன் ஆர்டர்களைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று லேப்டாப்போடு சேர்த்து வாங்கி வைத்தது. லேப்டாப் மெலிசாக இருக்க வேண்டும் என்று மானிட்டர் கேபிளுக்கான ஓட்டையை அதில் எடுத்துவிட்டார்கள். இருப்பது இரண்டே இரண்டு டைப்-சி ஓட்டையும், சார்ஜருக்குத் தனியாக ஒன்றும். அதனால் நடுவில் ஒரு டாக்கிங் ஸ்டேஷன், சுருக்கமாக டாக். சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரே ஒயர். மானிட்டர், கீபோர்டு, மௌஸ் எல்லாம் அதில் வந்து சேர்ந்துகொள்ளும்.

சேர்ந்துகொள்ள வேண்டும். சேரவில்லை! மானிட்டரில் 'நோ சிக்னல்'.

எடுத்தேன் என் வித்தைகளை. ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். அடுத்த ஓட்டையில் சொருகினேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டினேன். டாக்கின் பவர் அடாப்டரைப் பார்த்தேன் – கரண்ட் வருகிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒரு பெட்டி பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை.

"இது கம்பேட்டிபிலிட்டி பிரச்சினை மலர்" என்றேன், டாக்டர் மாதிரி.

"இன்னாக்கா அது?"

"ரெண்டுக்கும் ஒத்துப்போகல. டைப்-சி ஓட்டை பார்க்க எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஒண்ணு சார்ஜ் மட்டும் ஏத்தும். ஒண்ணு ஃபைல் அனுப்பும், படம் அனுப்பாது. ஒண்ணுதான் எல்லாம் செய்யும். ஒயர்லயும் அப்படித்தான்."

"ஆனா அவரு போறதுக்கு மின்ன இதே ஒயர்ல படம் வந்துச்சே?"

டாக்டர் வைத்தியத்தை மாற்றினார். உடனே என் வீட்டுக்கு ஓடி என்னுடைய டாக்கை எடுத்துவந்தேன். அதற்குத் தனியாக ஒரு சாஃப்ட்வேர் வேண்டும். அந்த சாஃப்ட்வேரோ, இந்த லேப்டாப்புக்கு நான் வரமாட்டேன் என்றது. சரி, என் லேப்டாப்பையே கொண்டுவரலாமென்றால், அது ஆபீஸ் லேப்டாப். வீடியோ கால் எல்லாம் பூட்டி வைத்திருக்கிறார்கள். டிவியாவது? மலர் வீட்டு டிவி பழைய டப்பா. லேப்டாப்பின் சின்ன ஸ்கிரீனிலேயே பேசேன் என்றால், அதில் ஆள் சைஸ் வராது என்றுவிட்டாள்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கத்தானே இத்தனையும் கண்டுபிடித்தார்கள்? ஒரு வீட்டில் இத்தனை ஸ்கிரீன், இத்தனை ஒயர்... ஒருத்தி தன் புருஷன் முகத்தை ஆள் சைஸில் பார்க்க ஒன்றும் உதவவில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மலர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது. ஏழுமலை.

"டூட்டி முடிஞ்சிச்சி. மேல வந்துட்டேன். இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்கமே. போடு."

"இரு, இரு... ஸ்கிரீன் வந்துகினே கீது" என்றாள். வரவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடி ஒயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் கவனித்தேன், கட்டைவிரலில் பிசுபிசு என்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். எனக்குப் பழகிய வாசனை. என் வீட்டுக்காரர் நடத்தும் ஹார்டுவேர் கடையில் டப்பா டப்பாவாக விற்கிற சாமான்!

"மலர்... இதுல என்ன தடவினே?"

"கிரீஸு."

"கிரீஸா?!"

"ஆமா. அவரு போறப்போ, உப்புக்காத்து அடிக்குது, நான் வர்றவரிக்கும் துரு ஏறாம பாத்துக்கோன்னு சொல்ட்டு போனாருக்கா. போட்டு பேட்டரிக்கு முனைல கிரீஸு தடவுவோம்ல? இல்லாங்காட்டி உப்பு தின்னுடும். அதான் இதுக்கும் எல்லா ஓட்டைலயும் தடவி, ஒயரு முனைலயும் தடவி வெச்சேன். மாசா மாசம் தடவறேன்."

"சார்ஜர் ஓட்டைக்கு?"

"அத்த தெனிக்கும் சொருகறோமே. அதுல எப்டி துரு ஏறும்?"

எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாள்! எவ்வளவு தப்பாகச் செய்திருக்கிறாள்! படகு பேட்டரியின் முனை கட்டைவிரல் தண்டி இருக்கும். இதில் உள்ளே இருப்பதெல்லாம் முடி முடியான கம்பிகள். மாசா மாசம் தடவிய கிரீஸில், எங்கள் தெருவில் ஓடும் கன்டெய்னர் லாரிகளின் தூசியும் சேர்ந்து களிமண்ணாகிக் கிடந்தது. ஒயர் பாதிக்கு மேல் உள்ளேயே போகவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் நான் கம்பேட்டிபிலிட்டி பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை மாதமும் அவள் அந்த மானிட்டரைப் போட்டுப் பார்க்கவே இல்லை. துணியை மூடி வைத்து, ஓட்டைகளுக்குக் கிரீஸ் தடவி, அவர் வந்து நிற்கப்போகும் நாளுக்காக அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். இதைப் போய் எப்படித் திட்டுவது?

லேப்டாப்பை அணைத்தேன். டாக்கின் பிளக்கைப் பிடுங்கினேன். பல் குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தேன். கறுப்புக் கறுப்பாக வந்தது. மலர் டார்ச் அடித்துக்கொண்டு, என் கழுத்தருகே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். காயட்டும் என்று சற்று நேரம் விட்டோம். அந்தச் சற்று நேரம் இருக்கிறதே... அதற்குள் மாடிக்கு ஓடி, கப்பல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

"நிக்குதுக்கா. சொருகு, சொருகு."

சொருகினேன். இந்த முறை 'டக்' என்று முழுசாக உள்ளே போனது. மானிட்டர் கறுப்பாகி, ஒருமுறை கண் சிமிட்டி, பளிச்சென்று வந்தது.

கால் போட்டோம். முதலில் வெறும் வானம். அப்புறம் ஒரு ஆரஞ்சு நிற உடுப்பு. அப்புறம்... ஏழுமலை. நடுக்கூடத்தில், ஆள் சைஸில்.

இரண்டு மணிநேரமாக என்னைப் பிடுங்கி எடுத்தவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாமே, பேசு. கேக்குதா?"

"...சாப்டியா?"

"சாப்டேன். ஸ்கிரீனு வர இம்மாம் நேரமா?"

நான் குறுக்கே புகுந்து கிரீஸ் கதையைச் சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார். "கரீட்டாத்தான் செஞ்சிக்கீறா அக்கா. எங்க அப்பா போட்டுலயும் அப்டித்தான் தடவுவோம்" என்றார். எனக்கு இது தேவைதான்.

மலர் சிரிக்கவில்லை. ஸ்கிரீனுக்கு இன்னும் கிட்டே போனாள்.

"இன்னாயா, கழுத்தெலும்பு இப்டி தூக்கிகினு கீது? நல்லா கீறேன்னு சொன்ன?"

"போன்ல நல்லாத்தாம்மே தெரிஞ்சேன்."

பெரிய ஸ்கிரீனில் ஒரு வில்லங்கம் உண்டு. எதையும் மறைக்க முடியாது. அவள் கண் நிறைந்திருந்ததை அவரும் பார்த்திருப்பார்தானே... பேச்சை மாற்றினார்.

"இங்கேந்து நம்ம மாடி எதுன்னு தேடிகினே கீறேன். வந்த நாள்லேந்து தேடறேன். தெரியவே மாட்டேங்குது."

"நீலக் கலரு தண்ணி டேங்குய்யா."

"எல்லா மாடிலயும் நீல டேங்குதாம்மே."

அங்கிருந்து அவர், இங்கிருந்து இவள். நடுவில் கொஞ்சூண்டு கடல். சமையலறைக்குப் போய், தாகமில்லாமலே தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தபோது படம் உடைய ஆரம்பித்திருந்தது. குரல் கட்டம் கட்டமாக வந்தது. பின்னால் தெரிந்த வானம் மெதுவாகத் திரும்பியது. கப்பல் நகர்கிறது. "மலரு, நீ வந்து..." என்றார், ஏதோ சொல்லிச் சிரிக்கப்போனார். அப்படியே நின்றுவிட்டது. பாதிச் சிரிப்பில், வாய் லேசாகத் திறந்தபடி, படம் உறைந்துவிட்டது. ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

பழக்கதோஷம், என் கை மௌஸுக்குப் போனது. கட் பண்ணி மறுபடி போடலாமே என்று.

"கைய வெக்காதக்கா" என்றாள் மலர். "அப்டியே கெடக்கட்டும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். "இன்னா சொல்ல வந்த?" என்று மெதுவாகக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வட்டம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓய்ந்ததும், கால் தானாகவே கட் ஆகி முகம் மறைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். மலரிடம் நான் சொல்லவில்லை... நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.