ஏழும் ஒண்ணும்

உலகத்தில் எத்தனையோ ராஜாக்கள் எதையெதையோ ஒழித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு எண்ணையே பூமியிலிருந்து ஒழித்துக் கட்டியவர் ஒரே ஒருத்தர்தான். என் பெரியம்மா சவுரியம்மாள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பெரியம்மாவின் ஆட்சி நடக்கிற இடத்தில் ஏழுக்கு அடுத்தது ஒன்பதுதான். பெரியம்மா இன்னும் கொஞ்சம் மனசு வைத்திருந்தால் கணக்கு வாத்தியார்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருப்பார்கள். பத்தாவதில் கணக்கில் ஃபெயிலாகி வீட்டோடு நின்றுவிட்ட எனக்கு இந்த ஆட்சி ரொம்பப் பிடித்திருந்தது.

பெரியம்மா வாயிலிருந்து எட்டு என்கிற சொல் வராது. மணி கேட்டால் "ஏழும் ஒண்ணும் ஆவுது" என்று சொல்லும். எட்டுக்கால் பூச்சி சுவரில் போனால் "அந்தக் கால் நெறைய இருக்கிற பூச்சி". கடையில் முட்டை வாங்கும்போது ஏழு வாங்கிப் பையில் வைத்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தது போலத் திரும்பி இன்னொன்று கேட்கும்.

அந்தச் சொல்லை வரவழைக்க நான் செய்யாத அட்டூழியம் இல்லை. இருபதில் பன்னிரண்டு போனால் மிச்சம் என்ன என்று அவசரமாகக் கேட்பேன். "உங்கப்பன கேளு" என்று பதில் வரும். எட்டு சனிக்குரிய எண், அதனால் பயப்படுகிறது என்று ஊரில் நினைத்தார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற பொம்பளையைச் சனி என்ன செய்யும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பெரியம்மா பார்க்காத வேலை இல்லை. எங்கள் ஊர் ஓமந்தூருக்கு உள்ளடங்கின பக்கம். சின்ன வயசில் ஊருக்கு வெளியே இருந்த கல் குவாரியில் வேலை. அதை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லுக்குப் போனது. அங்கே மூட்டையை எண்ணச் சொன்னார்கள். மறுநாளே நின்றுவிட்டது. அப்புறம் குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை. நல்ல மனிதர்கள். அவர்கள் குழந்தையின் பிறந்த நாளில் பலூன் ஒன்று டப்பென்று உடைந்தது. அடுத்த நொடி பெரியம்மா மேசைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தது. விருந்துக்கு வந்தவர்கள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்களாம். பெரியம்மா அன்றே பஸ் ஏறிவிட்டது.

அதன் பிறகு விக்கிரவாண்டியில் ரோட்டோர ஓட்டலில் இட்லி ஊற்றுகிற வேலை. லாரி டயர் வெடிக்கும்போதெல்லாம் மாவுக் கரண்டி கீழே விழும். மூன்று வருஷம் தாக்குப்பிடித்தது. கடைசியாக விழுப்புரத்தில் ஒரு துணிக்கடை. ஆறு வருஷமாக அங்கேதான் துடைப்பம் பிடிக்கிறது. ஆடித் தள்ளுபடியைத் தவிர அங்கே எதுவும் வெடிக்காது என்று நான் கிண்டல் செய்வேன். ஏன் இப்படி வேலை வேலையாகத் தாவின என்று கேட்டால், "எனக்கு ஒரு எடத்துல கால் தரிக்காதுடி" என்று சொல்லும். பொய். பெரியம்மாவைப் போல ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்காருகிற ஆளை நான் பார்த்ததில்லை.

பெரியம்மாவுக்கு ஒரே பையன், தென்னரசு. எனக்கு அண்ணன் முறை. இருபத்து நாலு வயசு. பாறை உடைக்கிற பிரேக்கர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்த வருஷம் தையில்தான் முதல் வேலைக்குச் சேர்ந்தான். வேலை எங்கே என்றால், எங்கள் ஊர் குவாரியிலேயே. மூடிக்கிடந்த குவாரியைச் சமப்படுத்தி மனை போடப்போகிறார்கள் என்று கலர் கலராகக் கொடி நட்டிருந்தார்கள். பக்கத்திலேயே வேலை, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு என்று எல்லாருக்கும் சந்தோஷம். பெரியம்மா மட்டும் அந்த வாரம் முழுக்க வெளியூரில் வேறு வேலை தேடச் சொல்லி அவனைப் பேஜார் பண்ணிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தென்னரசு வந்து சொன்னான், மேல் மண் எல்லாம் வாரியாச்சு, நாளை காலையில் வடக்கு மூலைப் பாறையில் கைவைக்கிறோம் என்று. சொல்லிவிட்டு வாலிபால் ஆடப் போய்விட்டான். நானும் பெரியம்மாவும் அவித்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். பெரியம்மா ஒரு காயைக் கையில் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தது. உரிக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. நான் வழக்கம்போல, "பெரிம்மா, என் கையில ஏழும் ஒண்ணும் இருக்குது, அதுக்குப் பேரு இன்னா?" என்று கேட்டேன்.

திட்டு வரும் என்று பார்த்தேன். பெரியம்மா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தது.

குவாரியில் வெடி வைக்கிற நாளில் பெரியம்மாவுக்கு இரண்டு வேலை. ரோட்டில் கொடியோடு நின்று பஸ், சைக்கிள், ஆடு மாடு எல்லாவற்றையும் நிறுத்துவது ஒன்று. சத்தத்தை எண்ணுவது இன்னொன்று. திரியைக் கொளுத்திவிட்டு ஓடிவருகிற மேஸ்திரி முத்துசாமிக்கு மூச்சு இரைக்கும், எண்ண முடியாது. அதனால் தூரத்தில் நிற்கிற ஒருத்தர் எண்ண வேண்டும். எத்தனை குழிக்கு வெடிமருந்து போட்டார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்துக்கு ஒருத்தரும் போகக் கூடாது. எண்ணுகிறவர் வாயிலிருந்து வருகிற எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் உள்ளே இறங்குவார்கள்.

பெரியம்மாவுக்கு முன்னால் எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டார். வெடிக்காத குழியில் ஆனந்தராஜ் என்பவர் துளை போட்டார். இரண்டு கண்ணும் போய்விட்டது. அவரை நான் மாதா கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன், அவர் சம்சாரம் கெங்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். அதற்கப்புறம்தான் அந்த வேலைக்குப் பெரியம்மாவைப் போட்டார்கள். கவனமான பொம்பளை என்று.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. வடக்கு மூலையில் எட்டுக் குழி. தென்னரசுக்கு இரண்டு வயசு, காய்ச்சல், விட்டுவிட்டு வர ஆள் இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே பெரியம்மா ரோட்டில் நின்றது. நிறுத்திவைத்த பஸ்காரன் ஆரனில் கைவைத்தவன் எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று ஆறு கேட்டது. ஏழு கேட்டது. அப்போது பையன் காதோரம் வீறிட்டு அழுதான். பஸ் ஆரன், அழுகை, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. இன்னொன்று கேட்டதா இல்லையா என்று தெரியவில்லை. அப்புறம் வெறும் புகைதான்.

மேஸ்திரி வந்து, "எட்டா சவுரி?" என்று கேட்டார். ஏழு என்று சொன்னால் வேலை நிற்கும், எல்லாரும் காத்திருக்க வேண்டும், ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. பையன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பெரியம்மா எட்டு என்று சொல்லிவிட்டது.

பெரிய பாறை ஒன்று சரிந்து அந்த மூலையையே மூடியிருந்ததால் அன்று யாரும் அங்கே போகவில்லை. சனிக்கிழமை பெரியம்மா வேலையை விட்டது. சில மாதத்தில் குத்தகை முடிந்து குவாரியே நின்றது. முத்துசாமியும் செத்துப்போனார். அந்த மூலை மட்டும் அப்படியே இருந்தது.

தென்னரசு வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன்.

"இன்னான்னு சொல்லுவேன்? நீ அழுதடா, அதான் எனக்குக் கேக்கலன்னா?" என்றது பெரியம்மா. அப்புறம், "அந்தக் கெங்கம்மா மூஞ்சிய நான் எப்படிடி பாப்பேன்? அவ புருஷனுக்கு ஆனத பாத்துட்டுத்தான அந்தக் கொடியவே நான் வாங்குனேன்" என்று சொல்லிவிட்டு, மகனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, நான் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் பல் விளக்குகிற சாக்கில் நான் அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றேன். தென்னரசு குளித்துவிட்டு வந்து இட்லி தின்றான். பெரியம்மா வாயைத் திறந்தது, "தண்ணி எடுத்துக்கினியா?" என்று கேட்டது. மறுபடி திறந்தது, "தலைய நல்லா தொவட்டு" என்றது. மூன்றாவது தடவை வாயைத் திறந்து எதுவும் வராமல் மூடிக்கொண்டது. சட்டினியைத் தட்டில் பாதியும் தரையில் பாதியுமாக ஊற்றியது. அவன் போனைப் பார்த்துக்கொண்டே தின்றான்.

தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் பிரேக்கர் வண்டிச் சாவியைக் காணோம். எப்போதும் டிவி பக்கத்தில்தான் வைப்பான். மாதா படம் தைத்த துணியும் கயிறுமாக நாங்கள் கழுத்தில் போடுகிற உத்தரியம் சுற்றின அந்தச் சாவி எப்படிக் காணாமல் போனது என்று இன்று வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வீட்டில் எலி அதிகம் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் என் பெயர்தான் வரும். தென்னரசு நேராக என்னிடம் வந்து, "அஸ்வினி, வெளயாடாத, ஜல்தி குடு, டைம் ஆவுது" என்றான். நான் வாயில் பிரஷ்ஷோடு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் அலமாரியை இறக்கினான், மாவுத் தூக்கைக்கூடத் திறந்து பார்த்தான். கடைசியில் கட்டிலுக்கு அடியில் நுழைந்தான். காலிரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்தக் காலைப் பார்த்துத்தான் பெரியம்மா எல்லாவற்றையும் சொன்னது. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது, பாதத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

தென்னரசு தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தான். அதைத் தட்டிவிட்டான். அப்புறம் சிரித்தான். இருபத்திரண்டு வருஷ மழையில் ஊறினது புஸ்ஸென்றுகூட வராது, நீ இத்தனை நாள் இதுக்குத்தான் பலூனுக்கெல்லாம் பயந்தியா என்று கேட்டான். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் சீனுவாசன் போன் செய்து, ஓனரிடம் இன்னொரு சாவி இருக்கிறது, கிளம்பி வா என்று சொல்லிவிட்டார். பெரியம்மா பைக்கின் பின்கம்பியைப் பிடித்தது. அவன் மெதுவாகக் கையை விலக்கிவிட்டுப் போய்விட்டான்.

நான் சைக்கிளை எடுத்தேன். பெரியம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு குவாரி ரோட்டில் மிதிக்கும்போதே சத்தம் கேட்டது. டக டக டக என்று இரும்பு பாறையில் இறங்குகிற சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் பெரியம்மாவின் விரல் என் இடுப்பில் அழுந்தியது. அங்கே மட்டும் பத்து நகத் தடம் ஒரு வாரம் இருந்தது. சத்தம் கேட்கிற வரைக்கும் உயிரோடு இருக்கிறான், நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

நான் பிரேக் பிடிப்பதற்குள் பெரியம்மா குதித்துவிட்டது. சீனுவாசன் அம்மா, அம்மா என்று கூப்பிடக் கூப்பிட, சரிவில் இறங்கி, பாறை மேல் ஏறி, வண்டியின் உளி இறங்குகிற இடத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. வண்டி நின்றது. சீனுவாசன் ஓடிவந்து, குடும்பத் தகராறை எல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்க என்று கத்தினார்.

பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் இருந்த மகனை நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாகச் சொன்னது.

"எட்டுக் குழிடா. எனக்கு ஏழுதான் கேட்டுது. எட்டுன்னு பொய் சொன்னவ நான்தான். இறங்கி வா."

சீனுவாசன், பெரியம்மா உட்கார்ந்திருந்த பாறையையும் தன் ஷூவையும் பார்த்தார். அப்படியே பின்பக்கமாக நடந்து ரோடு வரைக்கும் போனார். அங்கிருந்துதான் போன் பேசினார். தென்னரசு இறங்கிவந்து அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பினான். இரண்டு பேரும் முட்டை மேல் நடப்பது போல நடந்து வந்தார்கள்.

முதலில் போலீஸ் வந்தது. அப்புறம் விழுப்புரத்திலிருந்து, இதற்கென்றே படித்தவர்கள் வந்தார்கள். இரண்டு நாள் பிரஷ்ஷும் கரண்டியுமாகச் சுரண்டினார்கள். வெடித்த குழி பாறையில் பாதிக் குழாய் போலத் தடம் விட்டுவிட்டுப் போகுமாம். வரிசையாக ஏழு தடம் இருந்தது. அடுத்ததற்குத் தடம் இல்லை. குழியே இருந்தது, மேலே களிமண் அடைத்தபடி. அன்று காலை தென்னரசு உளி இறக்கின இடத்திலிருந்து ஒரு கை நீளம். அவன் தன் கையை நீட்டிப் பார்த்தான். அப்புறம் ரோட்டோரம் போய் வாந்தி எடுத்தான்.

ஊரையே தூரத்தில் நிறுத்திவைத்து, மூன்றாம் நாள் மத்தியானம் அவர்களே அதை வெடிக்க வைத்தார்கள். காலடியில் தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. அது நீங்க வெச்ச மருந்து சத்தமா, உள்ள இருந்ததோட சத்தமா என்று ஒரு அதிகாரியைக் கேட்டேன். நான் எப்போது கேள்வி கேட்டாலும் பெரியவர்கள் சிரிப்பார்கள் அல்லது அடிக்க வருவார்கள். அவர் இரண்டும் செய்யவில்லை. என் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் பெரியம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து நேராகக் கெங்கம்மாள் வீட்டுக்குப் போனது. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கதவுக்கு வெளியே இரண்டு பொம்பளைகள் மூக்கு சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. தென்னரசு இன்னும் அதே வேலைதான். ஆனால் எந்த ஊரில் வேலை என்றாலும் அக்கம்பக்கத்தில் வயசானவர்களைத் தேடிப்போய், இங்கே முன்னால் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறான். பயம் பெரியம்மாவை விட்டுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி மகனுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவையும் எழுதிப் பெரியம்மாவிடம் நீட்டினேன். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தது. ராஜா வருகிற இடத்தில் "தூ" என்றது. பலூன் இடத்தில் என்னை முறைத்தது. சாவி தொலைந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து அந்த வரியைப் படித்தது.

"உத்தரியம் சுத்துன சாவின்னு எழுதிக்கிற."

"ஆமா."

"வாய் வரல, அதையாவது கூட அனுப்பலாம்னு, அவன் குளிக்கப் போனப்ப என் கழுத்துலருந்து கழட்டி நான் சுத்துனேன். அவன் அத பாக்கவே இல்ல. நானும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. எலி வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

நான் காலண்டரில் தேதி பார்த்தேன். பெரியம்மா எழுந்து வந்தது. நான் நகர்வதற்குள் என் சுடிதார் கழுத்துக்குள் விரலை விட்டு, தன் உத்தரியத்தின் கயிற்றைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தது.

"சாவி எங்கடி?"