மார்லிஸ் பெயரில் ஒரு முப்பத்தெட்டு

முப்பத்தெட்டு ரக ரைஃபிளோடு, அதாவது உதையே தெரியாத சின்னத் தோட்டாவோடு, யாராவது சுடும் கோட்டில் வந்து நின்றால் போதும், கோர்டி ஆமுன்ட்சன் வாயைக் குவித்துக் கீச்சு கீச்சென்று எலி மாதிரி சத்தம் போடுவான். சுடுகிறவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு துண்டு சீஸை எடுத்து அவர் துப்பாக்கி வைத்துத் தள்ளிவருகிற வண்டியில் வைத்துவிடுவான். "எலிக்குத் தீனி போட்டாச்சு, இப்ப சுடட்டும்!" என்பான். கூட்டம் சிரிக்கும். பதினெட்டு வருஷமாக இதற்குத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது.

கெட்ட மனுஷன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் மொன்டானாவில் மண் சாலைகளைச் சமன் செய்கிற பெரிய வண்டியை ஓட்டுகிறவன். பனி கொட்டிய காலையில் தனியாக இருக்கிற கிழவிகளின் வாசலை வழித்துவிட்டுத்தான் சாலைக்கே போவான். வயது அறுபத்தொன்று, உயரம் ஆறடி நாலங்குலம், அதற்கு மேல் அகல விளிம்பு வைத்த தொப்பி. தேசக் கொடிக்கும் சவப்பெட்டிக்கும் தவிர வேறெதற்கும் அந்தத் தொப்பியைக் கழற்றியதில்லை. தூங்கும்போதும் கழற்ற மாட்டான் என்று அவன் மனைவி மார்லிஸ் சொல்வாள். அது பொய்.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற பழைய சரளைக் குழியில் எல்லோரும் கூடுவார்கள். கொள்ளுப்பாட்டன் காலத்து உடுப்பு, கொள்ளுப்பாட்டன் காலத்துத் துப்பாக்கியின் நகல், சுட்டு விழுத்த எதிரே வரிசையாக இரும்புத் தகடுகள். ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. கோர்டியின் பெயர் 'இடி'. நாற்பத்தைந்து ரகத் தோட்டாவைத் தவிர வேறெதையும் அவன் தொட்டதில்லை. "தோள்ல உதைக்கலேன்னா அது துப்பாக்கியா? தையல் மிஷின்!" என்பான்.

போன குளிர்காலத்தில் வண்டிப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்ததில் வலது தோளின் தசைநார் கிழிந்தது. கிழிந்ததைத் தைத்த டாக்டர், இனி அந்தத் தோளில் ஒரு நல்ல உதை வாங்கினால் கை தூக்கவே வராது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் கோர்டிக்கு நினைவு வந்தது ஒரு துண்டு சீஸ்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆர்லனின் வண்டியில் வைத்த துண்டு. ஆர்லன் மார்லிஸின் அண்ணன். அவனுக்கும் தோளில்தான் அறுவை சிகிச்சை. ஆறி வந்து, புதிதாக ஒரு முப்பத்தெட்டு வாங்கிக்கொண்டு, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு கோட்டில் வந்து நின்றான். கோர்டி கீச்சிட்டான், சீஸ் வைத்தான், அன்றைக்கு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஆர்லன் துப்பாக்கி எடுக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் வருவான், ஒரு தகர டப்பாவோடு. மற்றவர்கள் சுட்டுத் தள்ளிய வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, மறுபடி வெடிமருந்து அடைத்துக்கொள்ளட்டும் என்று உடையவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். ஏன் விட்டாய் என்று கோர்டி ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பது?

வெர்னாவின் துப்பாக்கிக் கடைக்கு ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானமாகப் பார்த்துப் போனான். எழுபது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பாள். கம்பளித் துணியை விரித்து மூன்று லீவர் ரைஃபிள்களை வைத்தாள். மூன்றும் இத்தாலியில் செய்த நகல்கள்.

"இது ஆயிரத்து எண்ணூத்தி அறுபதாம் வருஷத்து மாதிரி. முன்னால பிடிக்க மரம் கிடையாது. பத்துக் குண்டு போட்டா குழல் கொதிச்சு உள்ளங்கையில ரொட்டி சுடலாம். இந்த மஞ்சப் பித்தளை அறுபத்தாறு, பார்க்க அழகு. இந்த இரும்பு எழுபத்திமூணு, எல்லாருக்கும் ஒத்துப்போகும். எந்த ரகம் வேணும் கோர்டி? நாற்பத்துநாலு-நாற்பது ரகத்துல எடு. கூட்டோட தகடு மெல்லிசு, விரிஞ்சு அடைச்சுக்கும், மூஞ்சியில கரி அடிக்காது. உன்னோட நாற்பத்தைந்துல அந்தக் காலத்துல எழுபத்திமூணு பண்ணவே இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்." கோர்டி கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "முப்பத்தெட்டுல இருக்கா அக்கா?"

"யாருக்கு?"

"மார்லிஸுக்கு."

"மார்லிஸுக்கா! பலூன் வெடிச்சாலே காதைப் பொத்திக்கிட்டு ஓடுவாளே."

"இப்ப ஆசைப்படறா."

வெர்னா அளவு நாடாவை எடுத்தாள். "அப்படின்னா பின்கட்டைய ரெண்டு அங்குலம் அறுக்கணும். அஞ்சடிக்காரி, கை எட்டாது."

"அறுக்காதீங்க! எட்டும். அவளுக்குக் கை நீளம்."

"சர்ச்சுல மேல் தட்டுல இருக்கற பாட்டுப் புத்தகத்தை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவா, அந்த நீளக் கைக்காரி." கிழவி விடுகிறவள் இல்லை. "சரி, குட்டைக் குழல்ல தர்றேன். எட்டுப்பட்டை நீளக் குழல்னா துளை சின்னது, இரும்பு ஜாஸ்தி, கனம். உதையே தெரியாதுதான். ஆனா அவளால தூக்க முடியாது."

"நீளமே குடுங்க."

வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள். "வலது தோளா, இடது தோளா?"

"எதுக்கு?"

"மார்லிஸுக்கு எந்தத் தோள் வலிக்குதுன்னு கேட்டேன்."

கோர்டி லீவரைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். வெண்ணெய் மாதிரி ஓடியது. காது மடல் வரை சிவந்திருந்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டே வெர்னா சொன்னாள்: "இதே எழுபத்திமூணு, இதே முப்பத்தெட்டு, மூணு வருஷம் முன்னாடி ஆர்லனுக்குக் குடுத்தேன். பத்தே நாள்ல திருப்பிக் கொண்டாந்து வெச்சான். ஆனா ஒண்ணு, அவன் தனக்குன்னு சொல்லித்தான் கேட்டான்."

வீட்டில் மார்லிஸ் பெட்டியைத் திறந்து பார்த்தாள், தோட்டாப் பொட்டலத்தைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "எங்கண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை ரைஃபிள் மட்டும் வைத்து ஒரு சுற்று. ஆளுக்குப் பத்துத் தோட்டா. கோர்டி கடைசி ஆளாகப் பெயர் கொடுத்தான். சத்தம் சின்னதாக இருந்தால் மருந்தைக் குறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டின் அடியில் ரக எண் பொறித்திருக்குமே, அதை என்ன செய்வது? தானே பொறுக்கிக்கொள்ளவும் வழியில்லை. சுட்டு முடித்தவன் லீவரைத் திறந்துபோட்டபடி துப்பாக்கி காலி செய்கிற மேசைக்கு நேராகப் போயாக வேண்டும், அது விதி. பொறுக்குவது ஆர்லன்.

பத்தும் விழுந்தன. ஒரு தகடு தப்பவில்லை. பதினெட்டு வருஷத்தில் இப்படிச் சுட்டதில்லை, ஆனால் அவன் மனசில் சந்தோஷம் இல்லை. அந்த ரகத் துப்பாக்கி கூட்டை நேர் மேலே எறியும். பத்தாவது கூடு மேலே போய்த் தொப்பி விளிம்பில் டொக்கென்று உட்கார்ந்ததை அவன் உணர்ந்தான். அவன் உயரத்துக்கு வேறு யார் கண்ணிலும் அது படவில்லை.

"என்ன இடி, இன்னிக்கு வெறும் தூறலா?" என்று பின்னாலிருந்து டுவைட் கத்தினான். அவனும் முப்பத்தெட்டுக்காரன், தன் பங்குக்குச் சீஸ் வாங்கியவன். சிரிப்பு கிளம்பியது.

ஆர்லன் டப்பாவோடு மேசைக்கு வந்தான். ஒரு கூட்டை எடுத்துத் திருப்பி அடியைப் பார்த்தான். கோர்டியை நிமிர்ந்து பார்த்தான். டுவைட் எட்டிப் பார்க்க வருவதற்குள் டப்பாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"மருந்தைக் குறைச்சுப் போட்டிருக்கான்யா. தோள்ல தையல் போட்ட மனுஷன், வேற என்ன பண்ணுவான்? போ, போய் உன் வேலையைப் பாரு." பிறகு மெல்ல, "ஒன்பதுதான் இருக்கு மாப்ள. ஒண்ணைக் காணோம். இரு, தேடிப் பார்க்கறேன்" என்று திரும்பிப் போய், நரம்பு பிடித்துக்கொள்கிற இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சரளையில் குனிந்தான்.

விடு மச்சான், ஒரு கூடுதானே என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆர்லன் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான்."

ஆர்லன் நிமிர்ந்தான். டுவைட் திரும்பினான், எல்லோரும் திரும்பினார்கள். கோர்டி துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து, விளிம்பு சாயாமல் மெல்லக் கழற்றினான். வெயிலே படாத நெற்றி வெளுப்பாகத் தெரிந்தது. கழற்றிய தொப்பியைத் தாழ்த்தி, எண் பொறித்த அடிப்பக்கம் மேலே தெரியக் கிடந்த அந்தக் கூட்டோடு, எல்லோரும் பார்க்க ஆர்லனுக்கு நேரே நீட்டினான்.