நாளைய தேதியிட்ட பத்திரிகை

1989-ஆம் ஆண்டு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை அட்டை. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். இடப்பக்கம் வானொலி சொன்னது, வலப்பக்கம் பத்திரிகை சொன்னது. டெல்லியில் ஆளுங்கட்சி ஒன்று சொல்லும், எதிர்க்கட்சி அதையே வேறுவிதமாகச் சொல்லும். இரண்டு தரப்பையும் நான் முழுதாக நம்பியதில்லை. நம்பாதவனுக்கு எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று அந்த வயதில் நினைத்தேன்.

நான் அப்போது விழுப்புரத்தில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். என் மனைவியின் அண்ணன் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். அவரும் என்னைப்போலவே நோட்டு போடுகிறவர். பெண் பார்க்கப் போன அன்றே எங்கள் பேச்சு நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டது. பெண்ணை ஒழுங்காகப் பார்த்தேனா என்று என் அம்மா வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு நோட்டுகளையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு உட்காருவோம். அவர் படிப்பார், நான் சிவப்புப் பென்சிலோடு கேட்பேன். எங்கே வேறுபடுகிறதோ அங்கே கோடு. அவர் டெல்லியை ஆண்ட கட்சியின் பக்கம், அதை மறைத்ததில்லை. நான் எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன். "அதெல்லாம் உங்க சிவப்புக் கோடு எந்தப் பக்கம் நெறய வுழுதுன்னு பாத்தாலே தெரியும் மாப்ள" என்பார்.

தேதி விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் இருவரும் வாங்கியது ஒரே மாலைப் பத்திரிகை. சென்னையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் வரும் பதிப்பில் அன்றைய தேதி இருக்கும். அதற்குத் தெற்கே வருவது வெளியூர்ப் பதிப்பு. அதுவும் அன்று மாலையே வந்துவிடும், ஆனால் தலைப்பில் மறுநாள் தேதி அச்சாகியிருக்கும். விழுப்புரத்தில் இதை யாரும் ஒரு விஷயமாக எண்ணியதில்லை. நானோ பத்திரிகைச் செய்தியைப் பத்திரிகையின் தேதியிலேயே எழுதுவது என்று ஒரு விதி வைத்திருந்தேன். பின்னால் யாராவது சரிபார்க்க வந்தால் அவர் கையில் இருக்கப்போவது பத்திரிகைதானே என்பது என் நியாயம். அதனால் என் நோட்டு எப்போதும் அவர் நோட்டுக்கு ஒரு நாள் தள்ளியே ஓடியது.

"எங்களுக்கு இன்னிக்கு நடக்கிறது உங்க ஊர்ல நாளைக்குத்தான் நடக்குது" என்று கேலி செய்வார். சிரிப்பேன். விதியை மாற்றவில்லை.

அந்த ஜூலையில் பீரங்கி பேரம் பற்றிய தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை வைத்துப் பிரதமர் பதவி விலக வேண்டும் என்றார்கள் எதிர்க்கட்சிகள். அவர் விலகவில்லை. 24-ஆம் தேதி, திங்கட்கிழமை, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மக்களவையிலிருந்து கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். மாலையில் பத்திரிகைக் கட்டு வந்ததும் ஒன்று வாங்கிக்கொண்டு வழக்கமான டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். காணைப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், "சார், கொஞ்சம் சத்தமாப் படிங்க. கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார்.

படித்தேன்.

"எல்லாருமே ராஜினாமான்னா, எதிர்ல யாருதான் குந்துவாங்க?" என்று கேட்டார் அவர்.

"யாரும் இல்ல. இனிமே பிரதமர் காலி பெஞ்சப் பாத்துத்தான் பதில் சொல்லணும். காலி பெஞ்சு குறுக்குக் கேள்வி கேக்காது" என்றேன்.

"அப்ப மந்திரிங்களுக்கு ஒரு பேஜாரும் இல்லன்னு சொல்லு" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். பெஞ்சு முழுவதும் சிரித்தது. வீட்டுக்கு வந்து செய்தியை எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் அந்தக் காலி பெஞ்சு வாக்கியத்தையும் எழுதி வைத்தேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அடுத்த ஞாயிறு என் மைத்துனர் அதைப் படித்துவிட்டு, தன் கட்சியைப் பற்றியது என்றும் பாராமல் சிரித்தார்.

ஆகஸ்ட் கடைசியில் எதிர்க்கட்சிகள் நாடு தழுவிய பந்த் நடத்தின. செப்டம்பர் நடுவில் எனக்கு மெமோ வந்தது. என்மேல் மேலிடத்துக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போயிருந்தது. 25-7-89 அன்று மாலை மேற்படி ஊழியர் பொது இடத்தில் பத்திரிகையை உரக்கப் படித்து எதிர்க்கட்சிக்கு ஆதரவு திரட்டினார், 'பிரதமர் இனிக் காலி பெஞ்சுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்' என்று இழிவாகப் பேசினார். பத்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

தலைமை எழுத்தர் நல்ல மனிதர். பெட்டிஷனின் முதல் தாளை மட்டும் ஐந்து நிமிடம் என் கையில் கொடுத்தார். தமிழ் டைப்பில் அடித்தது.

"எதிர்க்கட்சி ஆளுற மாநில ஆபீசா இருந்தா இதுக்கு உங்களுக்கு மாலை போட்டிருப்பாங்க சார். நம்முளுது டெல்லி ஆபீசாப் போச்சு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "பந்துக்கு அப்பறம் மேல எல்லாரையும் ஒரு மாதிரியாப் பாக்கறாங்க. பதில் சரியா இல்லன்னா வடக்க எங்கனா தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார்.

என் மனைவிக்கு அது ஏழாம் மாதம், கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து திண்டிவனத்துக்கு அழைத்துப் போக நாள் குறித்திருந்தது. நான் மொழி தெரியாத ஓர் ஊரில் இருக்க, குழந்தை இங்கே பிறப்பதை நினைத்துப் பார்த்தேன். அன்று மாலை நோட்டை எடுத்துப் புரட்டினேன். 25 என்ற தேதியின் கீழே ராஜினாமாச் செய்தி, டீக்கடை, காலி பெஞ்சு. பெட்டிஷனில் இருந்த தேதி, பெட்டிஷனில் இருந்த வாக்கியம்.

அந்த நொடியிலிருந்து என் புத்தி ஒரே பாதையில் ஓடியது. டீக்கடைக்கு வருகிறவர்களில் தேதி குறித்து வைப்பவர் யார்? ஒருவரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் சொன்ன வாக்கியத்தை இவ்வளவு சரியாக யார் நினைவில் வைத்திருப்பார்கள்? இந்த நோட்டை என்னைத் தவிரப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் ஆளுங்கட்சி. அவரிடம் நான்கு தமிழ் டைப்ரைட்டர்கள் இருக்கின்றன. ஜூலைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதையெல்லாம் திரும்ப எண்ணிப் பார்த்தேன். 'இப்பிடிலாம் எழுதி வைக்காதீங்க மாப்ள, வேலைக்கு ஆவாது' என்று ஒருமுறை சொன்னது, அப்போது அக்கறையாக இருந்தது, இப்போது மிரட்டலாகக் கேட்டது.

மனைவியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணனா?" என்றாள். "அது எலக்சன்ல சண்ட போடும். கூடப் பொறந்தவ தாலியில கை வைக்காது."

"தேதி சரியா இருக்குதே."

"உங்களுக்குத் தேதிதான் சொந்தம்" என்று சொல்லிவிட்டு அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

சனிக்கிழமை அவளிடம் சொல்லாமல் திண்டிவனம் போனேன். பெட்டிஷனில் 'ம' என்ற எழுத்து மட்டும் வரியைவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருந்ததைக் கவனித்து வைத்திருந்தேன். மதியம் இன்ஸ்டிட்யூட்டில் ஆள் குறைவு. மைத்துனர் சாப்பிடப் போயிருந்தார். பழக்கப்பட்டவன் என்பதால் யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒவ்வொரு தமிழ் மெஷினாக உட்கார்ந்து, ஒரு விரலால் 'மக்களவை மாண்புமிகு மறுமொழி' என்று மூன்று வரி அடித்தேன். மூன்றாவது மெஷினில் 'ம' ஏறியிருந்தது. ஏறியிருந்ததாக எனக்குத் தெரிந்தது. தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மாப்ள, டைப் லோயர் பரிச்சைக்குப் படிக்க வந்துட்டீங்களா?"

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. மெமோவை எடுத்துக் கொடுத்தேன். தாளையும் காட்டினேன்.

"இந்த ம-வப் பாருங்க மச்சான். பெட்டிஷன்லயும் இப்பிடித்தான் ஏறியிருக்கு."

அவர் தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "இதுக்குப் பன்னண்டு வயசு. ஊர்ல இருக்கிற பழைய மெஷின் எல்லாத்துலயும் ம ஏறித்தான் இருக்கும். ஜாஸ்தி அடிக்கிற எழுத்து அது" என்றார். பிறகு மெமோவைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இருபத்தஞ்சாந் தேதியா?"

"ஆமா."

உள்ளே போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்தார். 24-இல் ராஜினாமாச் செய்தி இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். 25, செவ்வாய். நாடாளுமன்றத்தைப் பற்றி நான்கு வரி. அதற்குக் கீழே: 'மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வந்தார். மாலை ஆறு முதல் நம் வீட்டில். கேப்பைக் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எட்டேகால் பஸ்.'

"பெட்டிஷன்ல சொல்ற நேரத்துல நீங்க எங்க வூட்ல குந்திக்கினு களி சாப்ட்டுக்கினு இருந்தீங்க. டீக்கடையில படிச்சது திங்கக்கெழம. எனக்கு அது இருவத்தி நாலு. நான் உங்கள மாட்டி வுடறதா இருந்தா, நீங்க எங்கிட்ட இருந்த நாளாப் பாத்தா போடுவேன்?"

மெமோவில் இருந்த தேதியைத் திரும்பப் பார்த்தேன்.

"ஒரு நாள் தள்ளிப் போடறவன் உங்க ஊருக்காரன் மாப்ள. அந்தப் பேப்பர வாங்கறவன்."

ஏழு வருடமாக நாங்கள் சொல்லிச் சிரித்த வேடிக்கைதான் அது. என் விதி, என் நோட்டு, நான் போட்ட தேதி. அதையே பெட்டிஷனில் பார்த்ததும் உண்மை என்று எடுத்துக்கொண்டேன்.

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொன்னேன்."

தலையை அசைத்துக்கொண்டார். மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டினார். மூன்றாவது மெஷினுக்கு மாட்டும்போது உறையைச் சரியாக இழுத்துவிட்டு, "நோட்ட எடுத்துக்கினு போங்க. ஆபீசுல கேட்டாக் காட்டுங்க. திருப்பித் தர வேணாம்" என்றார்.

நோட்டைக் காட்ட வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் திண்டிவனக் கிளை வருகைப் பதிவில் 25 மாலை வரை என் கையெழுத்து இருந்தது. விளக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதினேன்: '25-7-89 அன்று மாலை நான் அலுவலகப் பணி நிமித்தம் திண்டிவனத்தில் இருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' 24-ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, அமைச்சர்கள் சபையில் கொடுக்கும் பதில் மாதிரியே இருந்தது. அப்படிப்பட்ட பதில்களுக்கு ஏழு வருடம் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் நான்.

கோப்பை மூடியபோது தலைமை எழுத்தர் பெட்டிஷனின் இரண்டாம் தாளையும் காட்டினார். அதில் பத்திரிகையின் தலைப்புப் பகுதியைக் கத்தரித்துக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். 25 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தேதி குறித்து வைக்கும் பழக்கமே எழுதியவருக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. பத்திரிகையைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டார்.

அதன்பின் டீக்கடையில் என் கண் நிலைகொள்ளவில்லை. கண்ணாடி கொண்டுவராத காணைக்காரர் உண்மையிலேயே கண்ணாடி போடுகிறவரா? டீ ஆற்றுகிறவர் யாரிடம் என்ன பேசுகிறார்? பத்திரிகையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வளைகாப்புக்கு மைத்துனர் வந்தார். வளையல், சோறு, பூ எல்லாம் முறையாகக் கொண்டுவந்தார். என்னை "வாங்க, சாப்டுங்க" என்று என் வீட்டிலேயே உபசரித்தார். மாப்ள என்ற சொல் மட்டும் வரவில்லை. தங்கையை அழைத்துக்கொண்டு போனார். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாக, "நோட்ட எங்கண்ணன்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். இருமுறை திண்டிவனம் போய் அவளைப் பார்த்துவந்தேன். இரண்டு முறையும் நோட்டு பையிலேயே இருந்தது. அவர் வீட்டில் இல்லை.

நவம்பரில் தேர்தல் நடந்தது. எங்கள் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லா இடங்களையும் அவருடைய அணி பிடித்தது. டெல்லியில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. ஒரே நாளில் ஜெயித்துத் தோற்ற மனிதரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேச எவ்வளவோ இருந்தது. நான் தனியாக உட்கார்ந்து எழுதினேன். அந்தத் தேர்தல் பக்கங்களில் சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. ஒப்பிட எதிரில் யாரும் இல்லை.

சில நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. டைப் அடித்திருந்தது. 'ம' ஏறியிருந்தது. அந்த மெஷினைத்தான் வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்.

'பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பிறந்தது இன்று காலை. மேலே போட்டிருப்பது திண்டிவனத் தேதி. இப்போது நாங்கள் எதிர்க்கட்சி ஆகிவிட்டதால் இனிமேல் எங்களை நம்பலாம். உடனே வரவும்.'

வாசலில் நின்றபடி இரண்டு முறை படித்தேன். சட்டையை மாட்டினேன், அவருடைய நோட்டைப் பையில் வைத்தேன். கதவைப் பூட்டிய பிறகு அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தேன்.

இரண்டு தேதியும் ஒன்றாகத்தான் இருந்தன.